வாயில் கரையும் மாத்திரை: முதல் பேட்ச் போடுகிறவர்களுக்கு

தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கிற பூச்சி மாத்திரை, அதாவது 400 மி.கி. அல்பெண்டசோல், கடித்து மென்று விழுங்க வேண்டியது. வாந்திக்கு எழுதித் தரும் ஒண்டான்செட்ரான் அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எம்டி’ என்று இருந்தால் நாக்கில் வைத்தால் போதும், எச்சிலிலேயே கரைந்துவிடும். ‘டிடி’ என்று இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊட்ட வேண்டும். வாங்குகிறவருக்கு எல்லாமே வெள்ளை மாத்திரைதான். தயாரிக்கிறவருக்கு மூன்றும் மூன்று விதமான வேலை.

பி.பார்ம், எம்.பார்ம் புராஜெக்டுக்காக லேபில் முதல் தடவை இதைப் போடப் போகிறவர்களுக்கும், மருந்து நிறுவனத்தின் ஃபார்முலேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்கிற விஷயம் அல்ல. இந்தியாவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மருந்து தயாரித்து விற்க முடியாது. லேபில் போடுகிற பேட்ச் சோதனைக்கு மட்டும்தான். யாருக்காவது தலைசுற்றினால் எடுத்துக் கொடுப்பதற்கு அல்ல.

எந்த மாத்திரை என்று முதலில் தீர்மானியுங்கள்

வாயில் கரையும் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு எல்லைகளைச் சொல்கிறது: சோதனைக் கருவியில் ஏறத்தாழ 30 விநாடிக்குள் உடைய வேண்டும், எடை 500 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய மருந்து நூல், அதாவது மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஃபார்மகோபியா, 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது. ஆகவே "என் மாத்திரை பாஸ்" என்று சொல்வதற்கு முன்னால் எந்த நூலின்படி என்று உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 90 விநாடியில் உடைவது ஐரோப்பாவில் பாஸ், அமெரிக்காவில் ஃபெயில்.

மெல்லும் மாத்திரைக்குக் கணக்கு வேறு. அங்கே முக்கியம் கடினத்தன்மை, அதாவது ஹார்ட்னெஸ். பல் தேய்ந்த தாத்தாவும் பால் பல் ஆடுகிற குழந்தையும் கடிக்க வேண்டும். 2018-இல் வந்த எஃப்டிஏ வழிகாட்டுதல் 12 கிலோபாண்டுக்குக் (ஒரு கிலோ எடையின் விசைதான் ஒரு கிலோபாண்டு) கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் மெல்லச் சொன்னால் எல்லாரும் மெல்லுவதில்லை, பாதிப் பேர் அப்படியே விழுங்கிவிடுவார்கள். அதனால் மெல்லாவிட்டாலும் உள்ளே போய் உடைகிற மாதிரித்தான் செய்ய வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்ததற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்ற 500 மி.கி. மெபெண்டசோல் மெல்லும் மாத்திரை. அதுவும் குடற்புழு மருந்துதான். மெல்லத் தெரியாத சிறு குழந்தையாக இருந்தால் மாத்திரையை ஸ்பூனில் வைத்து 2 அல்லது 3 மி.லி. தண்ணீர் விட்டால் இரண்டே நிமிடத்தில் தண்ணீரை உறிஞ்சிக் குழைந்துவிடும், அப்படியே ஊட்டலாம். கடித்தால் உடையும், கடிக்காவிட்டாலும் குழையும். 500 மி.கி. மருந்தை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது சுலபமில்லை. முதல் பேட்சுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் டோஸைப் பாருங்கள். 500 மி.கி. மாத்திரைக்குள் மருந்து, இனிப்பு, உடைக்கும் பொருள் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் மருந்து குறைவாக இருப்பதே நல்லது. அடுத்தது கசப்பு. கசக்காத மருந்து அபூர்வம், ஆனால் கசப்பில் படி உண்டு. சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி அதிகக் கசப்பும் பெரிய டோஸும் சேர்ந்த மருந்தை எடுத்துக்கொண்டு மூன்று மாத புராஜெக்டை முடிப்பது கஷ்டம். மூன்றாவது, ஈரத்தைத் தாங்குமா என்பது.

இங்கே 4 மி.கி. ஒண்டான்செட்ரானை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரோகுளோரைடு டைஹைட்ரேட் உப்பாக வாங்கினால் 5 மி.கி. போட்டால்தான் 4 மி.கி. ஒண்டான்செட்ரான் கிடைக்கும். இந்தக் கணக்கை ஃபார்முலா போடும்போதே எழுதி வையுங்கள். கடைசியில் அளவு 20 சதவீதம் குறைகிறதே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வாயில் சீக்கிரம் கரைகிறது என்பதற்காக மருந்து சீக்கிரம் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஒண்டான்செட்ரான் எச்சிலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது, சாதா மாத்திரை மாதிரியே. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வேறு ரகம், அது வாயிலிருந்தே ரத்தத்தில் சேரும். வாயில் கரையும் மாத்திரையின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: வாந்தி எடுக்கிறவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டாம், விழுங்கச் சிரமப்படும் வயதானவருக்குத் தொண்டையில் சிக்காது, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி அப்புறம் துப்பிவிட முடியாது. புராஜெக்ட் அறிக்கையின் முன்னுரையில் "விரைவான நிவாரணம்" என்று எழுதினால் வைவாவில் அங்கேதான் பிடிப்பார்கள்.

முதலில் மருந்து இல்லாமல் போடுங்கள்

இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருந்து சேர்க்காத பிளாசிபோ பேட்ச் சரியாக வரும் வரை மருந்து டப்பாவைத் திறக்க வேண்டாம். பிளாசிபோவே 30 விநாடியில் உடையவில்லை என்றால் மருந்து சேர்த்த பிறகு உடையப் போவதில்லை.

200 மி.கி. மாத்திரை, 500 எண்ணிக்கை, மொத்தம் 100 கிராம் பவுடர். சதவீதமும் கிராமும் ஒன்றாகவே வரும், கால்குலேட்டர் வேண்டாம். நேரடி அழுத்தத்துக்கான (பவுடரை அப்படியே அழுத்தி மாத்திரையாக்குவதற்கான) ஸ்பிரே டிரைடு மானிட்டால் 69 கிராம், மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் பிஎச் 102 வகை 20 கிராம், கிராஸ்போவிடோன் 7 கிராம், ஆஸ்பர்டேம் 1.5 கிராம், புதினா அல்லது ஆரஞ்சு ஃபிளேவர் பவுடர் 1 கிராம், கொலாய்டல் சிலிக்கா அரை கிராம், சோடியம் ஸ்டியரைல் ஃபியூமரேட் 1 கிராம். இது தொடங்குவதற்கான ஃபார்முலா, இதிலேயே நிற்க வேண்டும் என்றில்லை.

ஏன் இவை என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம் என்று தெரியும்.

மானிட்டால் கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், கிராமுக்கு ஏறத்தாழ 121 ஜூல். நாக்கில் அந்தச் சில்லென்ற உணர்வு வருவது அதனால்தான். சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேலே இனிப்பு இருக்கும், காற்றிலிருந்து ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. சார்பிட்டாலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் பிடிக்கும். மழைக்காலத்தில் சென்னை லேபில் அதை வைத்துக்கொண்டு பாடுபட வேண்டும். கண்ணில் படுகிற மானிட்டாலை எடுத்துப் போடாதீர்கள். சாதாரணத் தூள் மானிட்டால் மாத்திரை அழுத்தும் இயந்திரமான பிரஸ்ஸில் சரியாக இறங்காது, அழுத்தினால் மேல்பாகம் தொப்பி மாதிரி பெயர்ந்துவிடும். ‘நேரடி அழுத்தம்’ அல்லது ‘ஸ்பிரே டிரைடு’ என்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செல்லுலோஸ் மாத்திரையைக் கெட்டிப்படுத்தும், தண்ணீரையும் உள்ளே இழுக்கும். ஆனால் அது கரையாத பொருள். 20 சதவீதத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டே போனால் வாயில் சாக்பீஸ் மென்ற மாதிரி இருக்கும். கருவியில் எல்லா எண்ணும் நன்றாக வந்து, வாயில் வைத்தவர் முகம் சுளிப்பது இதனால்தான்.

உடைக்கும் பொருளில் மூன்று பேர் பிரபலம்: கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட். பின் இரண்டும் தண்ணீர் பட்டதும் நன்றாக ஊதும். அளவு கூடினால் மேல்பரப்பில் கொழகொழவென்று ஒரு படலம் உருவாகி உள்ளே தண்ணீர் போவதையே தடுக்கும். கிராஸ்போவிடோன் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை உள்ளே இழுக்கும், கொழகொழக்காது. இன்னொரு காரணமும் உண்டு. மற்ற இரண்டும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒண்டான்செட்ரான் மாதிரியான காரத்தன்மை மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கிராஸ்போவிடோனுக்கு ஏற்றம் இல்லை. வாங்கும்போது எக்ஸ்எல்-10 மாதிரி நுண்ணிய தரமாகக் கேளுங்கள், நாக்கில் மணல் மாதிரி நெருடாது. 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குக் கூட்டினால் நல்ல மாற்றம் தெரியும். 7-ஐத் தாண்டிய பிறகு கிடைப்பது கொஞ்சம்தான், ஈரம் பிடிப்பதுதான் கூடும். மாத்திரை உடையவில்லை என்றதும் "இன்னும் ரெண்டு சதவீதம் போடு" என்பது எல்லா லேபிலும் கேட்கிற வசனம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, பிரஸ்ஸில் இருக்கும்.

மாத்திரை பிரஸ்ஸில் ஒட்டாமல் வழுக்கி வரச் செய்கிற பொருள்தான் லூப்ரிகன்ட். அதற்கு மெக்னீசியம் ஸ்டியரேட்தான் எல்லா லேபிலும் கிடைக்கும். அது தண்ணீரை விரட்டுகிற பொருள். துகள்களின் மேல் பூசிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அரை சதவீதத்தோடு நிறுத்துங்கள். சோடியம் ஸ்டியரைல் ஃபியூமரேட் விலை கூடுதல், ஆனால் தண்ணீரோடு அவ்வளவு பகை இல்லை.

ஆஸ்பர்டேம் சர்க்கரையைப் போல 200 மடங்கு இனிப்பு. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது, லேபிளில் எச்சரிக்கை வேண்டும். செர்ரி, லவங்கப்பட்டை மாதிரி ஆல்டிஹைடு உள்ள ஃபிளேவர்களோடு சேர்ந்தால் நாளாவட்டத்தில் வினைபுரிந்து இனிப்பு குறையும். அப்படிப்பட்ட ஃபிளேவர்தான் வேண்டும் என்றால் சுக்ரலோஸுக்குப் போங்கள். அது 600 மடங்கு, ஆகவே அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கலக்குகிற வரிசை

லூப்ரிகன்ட் தவிர எல்லாவற்றையும் தனித்தனியாக 40 எண் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கொலாய்டல் சிலிக்கா பஞ்சு மாதிரி பறக்கும், அதைத் தனியாகச் சலிக்காமல் ஒரு கைப்பிடி மானிட்டாலோடு சேர்த்துச் சலித்தால் அடங்கும். மானிட்டால், செல்லுலோஸ், கிராஸ்போவிடோன், இனிப்பு, ஃபிளேவர், சிலிக்கா எல்லாவற்றையும் பையில் போட்டோ சிறிய பிளெண்டரிலோ 10 நிமிடம் கலக்குங்கள். லூப்ரிகன்ட்டை 60 எண் சல்லடையில் சலித்துக் கடைசியில் சேர்த்து 2 அல்லது 3 நிமிடம் மட்டும். லூப்ரிகன்ட் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய், பிளெண்டரை ஓடவிட்டால் மாத்திரை மென்மையாகும், உடையும் நேரமும் கூடும். மெக்னீசியம் ஸ்டியரேட் என்றால் இது இன்னும் மோசம்.

கலந்த பவுடர் ஓடுமா என்று பாருங்கள். அளவு ஜாடியில் கொட்டிய அடர்த்தியையும் தட்டிய பிறகு வரும் அடர்த்தியையும் எடுத்துக் கார் குறியீட்டை, அதாவது தட்டினால் பவுடர் எத்தனை சதவீதம் அமுங்குகிறது என்பதை, கணக்கிடுங்கள்; 15-க்குக் கீழே வந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் பிரஸ்ஸில் பவுடர் கொட்டும் புனலான ஹாப்பரில் அடைத்துக்கொண்டு எடை தாறுமாறாக வரும்.

பிரஸ்ஸில்தான் எல்லாம்

கல்லூரி லேப்களில் பெரும்பாலும் 10 ஸ்டேஷன் மினி ரோட்டரி பிரஸ் இருக்கும். பவுடரை அழுத்துகிற பஞ்சில் 8 மி.மீ. தட்டை வகையைப் போடுங்கள். குவிந்த பஞ்சைவிடத் தட்டையில் மாத்திரை மெல்லிசாக வரும், எச்சில் நடுப்பகுதிக்குப் போக வேண்டிய தூரம் குறையும்.

மோட்டாரை உடனே போடாதீர்கள். கைச்சக்கரத்தைச் சுற்றி, அழுத்தத்தைக் குறைவாக வைத்து, முதலில் எடையைச் சரிசெய்யுங்கள். 10 மாத்திரை சேர்ந்து 2 கிராமுக்கு வந்த பிறகுதான் அழுத்தத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதனால் மாறியது என்று தெரியாது.

இப்போது இந்த வேலையின் மையமான இழுபறிக்கு வருகிறோம். அழுத்தம் கூட்டினால் மாத்திரை கெட்டியாகும், அட்டையில் உடையாது. ஆனால் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றிடைவெளி நசுங்கிவிடும். எச்சில் போகிற வழியே அந்த இடைவெளிதான். அழுத்தம் குறைத்தால் சட்டென்று கரையும், ஆனால் கையில் எடுத்தாலே ஓரம் உதிரும். சாதா மாத்திரை போடும்போது இந்த இரண்டும் மோதிக்கொள்வதில்லை, 15 நிமிடத்தில் உடைந்தால் போதும் என்பதால். இங்கே மோதும்.

ஆகவே ஒரே அழுத்தத்தில் 500 மாத்திரையையும் போட்டுவிடாதீர்கள். கடினத்தன்மையை அளக்கும் மான்சான்டோ டெஸ்டரில் 2 கிலோ வருகிற மாதிரி கொஞ்சம், 3 கிலோவில் கொஞ்சம், 4-இல் கொஞ்சம், 6-இல் கொஞ்சம் என்று தனித்தனி உறைகளில் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நனையும் நேரமும் உதிர்வு சதவீதமும் (இரண்டையும் எப்படி அளப்பது என்று ‘சோதனைகள்’ பகுதியில் சொல்கிறேன்) பார்த்து ஒரு வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஏற்றுக்கொள்ளும்படி இருக்கிற ஒரு குறுகலான இடைவெளி கிடைக்கும், மேலே சொன்ன ஃபார்முலாவில் வழக்கமாக 3 முதல் 4 கிலோவுக்குள். அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதுதான் உங்கள் ஃபார்முலா எவ்வளவு நல்லது என்பதன் அளவுகோல். மிகக் குறுகலாக இருந்தால் லேபில் வரும், தொழிற்சாலையில் வராது.

அழுத்தம் குறைந்தால் எப்போதும் சீக்கிரம் உடையும் என்றும் நினைக்க வேண்டாம். சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் மாதிரி ஊதி உடைக்கிற பொருள் போட்டிருந்தால், மாத்திரை ரொம்பத் தளர்வாக இருக்கும்போது அது ஊதுவதற்குள்ளேயே காலி இடம் இருக்கும். சுவரைத் தள்ளாமல் இடைவெளியை மட்டும் நிரப்பிவிட்டு நின்றுவிடும். 2 கிலோ மாத்திரை 3 கிலோ மாத்திரையைவிட மெதுவாக உடைந்தால் கருவியைச் சந்தேகப்படாதீர்கள், இதுவும் நடக்கும்.

இடைவெளியை அகலமாக்க வேறு வழிகள் உண்டு. புராஜெக்டுகளில் ரொம்பப் பிடித்தமானது கற்பூரம். 5 முதல் 10 சதவீதம் கற்பூரத்தைக் கலந்து கெட்டியாகவே அழுத்திவிட்டு, 60 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும் வரை வைத்தால், அது ஆவியாகிப் போய் உள்ளே துளைகளை விட்டுச்செல்லும். எண்கள் அருமையாக வரும். ஆனால் மிச்சக் கற்பூரம் எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், குழந்தைகளுக்குக் கற்பூரம் விஷம். என் கணக்கில் இது அறிக்கைக்கு அழகு, தொழிற்சாலைக்குத் தலைவலி. அதற்குப் பதிலாக மானிட்டாலையும் கிராஸ்போவிடோனையும் ஒரே துகளாகச் சேர்த்து விற்கிற ரெடிமேட் கலவைகளைப் பார்க்கலாம். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் லூடிஃபிளாஷ் அப்படி ஒன்று. 90 சதவீதம் மானிட்டால், 5 சதவீதம் கிராஸ்போவிடோன், மீதி பாலிவினைல் அசிடேட். விலை கொஞ்சம் உறைக்கும்.

கசப்பை அடக்குவது

பிளாசிபோ வந்துவிட்டது. இப்போது மருந்து. இனிப்பையும் ஃபிளேவரையும் கூட்டிக் கசப்பை மறைக்கலாம் என்பது லேசான கசப்புக்குத்தான் சரி. ஒண்டான்செட்ரான் உப்பு எச்சிலில் கரைந்து நாக்கைத் தொடும், இனிப்பு போன பிறகும் கசப்பு நிற்கும். மருந்து நாக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, யூட்ராஜிட் இ மாதிரிப் பூச்சு. அது பிஎச் 5-க்குக் கீழேதான் கரையும். வாயில் கரையாது, வயிற்றில் கரைந்துவிடும். கஷ்டம் என்னவென்றால் பிரஸ்ஸின் அழுத்தத்தில் பூச்சு விரிசல் விடும். மெல்லும் மாத்திரையில் பல்லே அதை உடைத்துவிடும். இன்னொன்று அயனிப் பரிமாற்றப் பிசின், ரெசின் என்பார்கள். பொட்டாசியம் பொலாக்ரிலின் மாதிரி ரெசினில் ஒண்டான்செட்ரான் போய் ஒட்டிக்கொள்ளும். எச்சிலில் இருக்கிற அந்தச் சில விநாடிகளில் விடாது, வயிற்று அமிலத்தில் விட்டுவிடும். மென்றாலும் பாதகமில்லை. புதியவர்களுக்கு இதுதான் சுலபம், தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

ரெசினைத் தண்ணீரில் ஊறவைத்து ஊதவிடுங்கள். மருந்தைக் கரைத்து அதில் ஊற்றி மேக்னடிக் ஸ்டிரரில் சில மணி நேரம் சுற்றவிடுங்கள். வடிகட்டி, ஒட்டாத மருந்து போகும் வரை கழுவி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். வடிகட்டிய தண்ணீரில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று யுவி கருவியில் 310 நானோமீட்டரில் பார்த்தால் எவ்வளவு ஒட்டியது என்று தெரிந்துவிடும். மருந்துக்கு ரெசின் 1:1, 1:2, 1:4 என்று மூன்று விகிதத்தில் செய்து பார்த்து, போதுமான அளவு பிடிக்கிற குறைந்த விகிதத்தை எடுங்கள்.

அப்புறம், கசப்பு அடங்கியதா என்று சோதிக்கும்போது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தண்ணீரில் சோடியமோ பொட்டாசியமோ இல்லை, பரிமாறிக்கொள்ள அயனி இல்லாததால் ரெசின் எதையும் விடாது. எல்லா விகிதமும் பாஸ் ஆகிவிடும். எச்சிலில் அயனிகள் உண்டு. பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபர் 10 மி.லி. எடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு மருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள்.

1:2 சரியாக வந்தால் மாத்திரைக்கு 15 மி.கி. ரெசின் கலவை. மேலே சொன்ன ஃபார்முலாவில் மானிட்டாலை 69 கிராமிலிருந்து 61.5 கிராமாகக் குறைத்து 7.5 கிராம் ரெசின் கலவை சேருங்கள். உலர்ந்த ரெசினை நன்றாகப் பொடித்து 100 மைக்ரானுக்குக் கீழே சலித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் நெருடும். 200 மி.கி.-இல் மருந்து 5 மி.கி.தான் என்பதால் மொத்தமாகக் கொட்டிக் கலக்க வேண்டாம். ரெசின் கலவையும் அதே அளவு மானிட்டாலும் முதலில், பிறகு அந்தக் கலவைக்குச் சமமாக இன்னும் மானிட்டால், இப்படி இரட்டித்துக்கொண்டே போங்கள்.

ருசி பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மருந்து சேர்த்த மாத்திரையை நண்பர்களிடம் கொடுத்து "கசக்குதா சொல்லு" என்று கேட்பது சோதனை அல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் மனிதர்களிடம் ருசி பார்க்கக் கூடாது. பிளாசிபோவைக்கூட, மற்ற மருந்துகள் ஓடுகிற பிரஸ்ஸில் போட்டிருந்தால் வாயில் வைக்காதீர்கள். பவுடர் விழுகிற அச்சான டையின் இடுக்கில் முந்தைய பேட்சின் டைக்ளோஃபெனாக்கோ என்னவோ நிச்சயம் இருக்கும்.

சோதனைகள்

எடை வேறுபாட்டுக்கு 20 மாத்திரை. 200 மி.கி. மாத்திரைக்கு இந்திய மருந்து நூல் அனுமதிக்கும் எல்லை கூட்டியோ குறைத்தோ 7.5 சதவீதம். மருந்தின் அளவு 10 மி.கி.-க்குக் கீழே என்பதால் எடை மட்டும் போதாது, 10 மாத்திரைகளைத் தனித்தனியாகக் கரைத்து மருந்து அளவையும் பார்க்க வேண்டும். சராசரியின் 85 முதல் 115 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

உதிர்வுச் சோதனையில் மொத்தம் 6.5 கிராமுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி மாத்திரை எடுங்கள், உங்களுக்கு 33 வரும். நிமிடத்துக்கு 25 சுற்று, 4 நிமிடம். 1 சதவீதத்துக்கு மேல் உதிரக் கூடாது. எண்ணிக்கையைக் குறைத்து 10 மட்டும் போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் பதில் இருக்காது.

உடையும் நேரத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வழக்கமான கருவியில் கூடை நிமிடத்துக்கு 29 முதல் 32 தடவை மேலும் கீழும் போகும், முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கும். வாயிலோ சில மி.லி. எச்சில்கூட இருக்காது, யாரும் குலுக்குவதும் இல்லை. கருவியில் 20 விநாடியில் உடைவது வாயில் ஒரு நிமிடம் எடுக்கலாம். அதனால் நனையும் நேரத்தையும் கூடவே பாருங்கள். பெட்ரி தட்டில் மடித்த டிஷ்யூ பேப்பர் வைத்து, சாயம் கலந்த 6 மி.லி. தண்ணீர் விட்டு, மேலே மாத்திரையை வையுங்கள். கீழேயிருந்து நிறம் ஏறி மேல்பரப்பு முழுதும் பரவ எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். செலவில்லாத சோதனை, வாயில் நடப்பதற்கு இதுதான் கிட்டத்தில் வரும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாகவே நின்றால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பிரஸ் இல்லாத வழிகள்

முழு மாத்திரையும் ஓரிரு விநாடியில் மறைந்துவிடுகிற ரகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அழுத்திச் செய்வது அல்ல. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் வளர்ந்த சைடிஸ் முறையில், ஜெலட்டினும் மானிட்டாலும் கலந்த மருந்துக் கரைசலை அட்டைக் குழியிலேயே ஊற்றி, உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கிவிடுவார்கள். மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஒரு கூடு. ஒண்டான்செட்ரானும் லோராடடினும் அப்படி வந்திருக்கின்றன. செலவு அதிகம், உறைஉலர்த்தி வேண்டும். சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் போட்டு நுரைக்க வைப்பது இன்னொரு வழி. காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற அறை வேண்டும். அந்த வசதி இல்லாமல் நம் ஊர்க் காற்றில் தொடங்கினால் பிளெண்டரிலேயே நுரைத்துவிடும்.

ஈரமும் அட்டையும்

கிராஸ்போவிடோன் தண்ணீரைத் தேடுகிற பொருள். திறந்து வைத்த மாத்திரை காற்றின் ஈரத்தையே குடித்து, மெல்ல ஊதி, கடினத்தன்மை குறைந்து ஓரம் பொரியும். இதை முன்கூட்டியே பார்க்க ஸ்டெபிலிட்டி சேம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். டெசிகேட்டரின் அடியில் சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசலை வைத்தால் உள்ளே ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிற்கும். மாத்திரையை மூடாமல் ஒரு வாரம் வைத்துக் கடினத்தன்மை, தடிமன், நனையும் நேரம் மூன்றையும் திரும்ப அளந்து பாருங்கள். இங்கேயே தாங்காதது 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரத்திலும் ஆறு மாதம் தாங்கப் போவதில்லை. இந்தச் சோதனையில் தோற்றால் முதலில் கிராஸ்போவிடோனை 5-க்குக் குறைத்துப் பாருங்கள்.

அட்டையைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் அலுமினியம் இருக்கிற அலு அலு அட்டைதான் பாதுகாப்பு. 3 கிலோ மாத்திரையைப் பின்னாலிருந்து விரலால் தள்ளி எடுக்கலாம். அதைவிட மென்மையாகப் போட்டிருந்தால் தள்ளும்போதே நொறுங்கும், அப்போது படலத்தை உரித்து எடுக்கிற அட்டை வேண்டும். உரிக்கிற அட்டையைப் பார்த்துப் பழகாதவர்கள் வழக்கம்போலத் தள்ளத்தான் செய்வார்கள், ஆகவே அட்டையின் முதுகிலேயே ‘தள்ள வேண்டாம், உரிக்கவும்’ என்று அச்சடிக்க வேண்டும். கூடவே ‘உலர்ந்த கையால் எடுத்து உடனே நாக்கில் வைக்கவும்’ என்றும். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு எடுத்தால் மாத்திரை விரலிலேயே கரையத் தொடங்கிவிடும், பாதி டோஸ் கையோடு போகும்.